22 படிகள்

மார்ச் 4
மொட்டைமாடிக்கு 22 படி. இன்று 14-இல் நின்றுவிட்டேன்.

மார்ச் 5
சிடி ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக ஓட்டைகள், ஆப்பத்தின் நடுப்பாகம் போல. ராத்திரிக்கு அத்தை ஆப்பம்தான் சுட்டார்.

மார்ச் 8
நுரையீரல் நோயின் பெயர் லாம். வாயில் சுலபமாக நுழைகிறது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருமாம். இரண்டு வருடம் ஆஸ்துமா என்று இன்ஹேலர் இழுத்தேன். வலிப்புக்கு ஒரு டாக்டர், கிட்னிக் கட்டிக்கு ஒரு டாக்டர், மூக்கோரப் பருவுக்கு அம்மாவின் கஸ்தூரி மஞ்சள். எல்லாம் ஒரே மரபணு நோய், டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ். நெஞ்சை மட்டும் யாரும் படம் எடுக்கச் சொல்லவில்லை.

கருத்தடை மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார் டாக்டர். ஈஸ்ட்ரோஜன் இதற்குத் தீனியாம். அத்தனை நாளும் நானே ஊட்டியிருக்கிறேன்.

மார்ச் 9
பாப்பாவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். தொடையில் வெள்ளைத் திட்டு. வேப்பிலை மாதிரி.

மார்ச் 10
தேமல் என்கிறார் அத்தை. தேமலாகவே இருக்கட்டும். எனக்கும் இப்படித்தான் முதுகில் இருந்தது, அம்மாவும் தேமல் என்றுதான் சொன்னாள். பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருட்டறையில் ஊதா விளக்கடித்துப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு திட்டு தெரிந்தது. ரத்தம் எடுத்தபோது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மார்ச் 14
சிரோலிமஸ் ஆரம்பம். ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த மருந்து. கிரேப்ஃப்ரூட் (பம்ப்ளிமாஸ் மாதிரி ஒரு பழம்) கூடாது என்று சீட்டில் இருந்ததைப் பார்த்து, அத்தை வீட்டிலிருந்த திராட்சையை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 20
வாயெல்லாம் புண். மோர்சாதம்.

மார்ச் 23
2011-இல் வந்த ஆய்வு. 89 பெண்கள். ஓராண்டு இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு, ஊதும் அளவு பெரிதாகச் சரியாமல் நின்றிருக்கிறது. நிறுத்தியதும் மறுபடி சரிவு. அப்படியானால் எத்தனை வருடத்துக்கு? கேட்க மறந்துவிட்டேன். மறக்கவில்லை, கேட்கவில்லை.

மார்ச் 29
17 படி.

ஏப்ரல் 2
இடது பக்கம் குத்துகிறது. திடீரென்று குத்தினால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம், உடனே வா என்று சொல்லியிருக்கிறார்கள். ஓடினோம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வாயு. ஆட்டோக்காரர் மட்டும் காசு வாங்கவில்லை.

ஏப்ரல் 7
பாப்பாவின் ரிப்போர்ட் வந்துவிட்டதாம். 11 மணிக்கு அவர் வாங்கப் போனார். மணி இப்போது 2. போன் எடுக்கவில்லை. பாப்பா படியில் தடதடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள், எண்ணிக்கொண்டே.