மடியில் வந்து உட்கார்ந்தவள்

தத்துக் கொடுத்த பிறகும் இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் அந்த வேலையில் இருந்தேன். காலையில் காட்பாடி, மதியம் ஆம்பூர் என்று பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரி வீடு. காப்பகத்திலேயே வளர்ந்த பெண் குழந்தை, மூன்றரை வயது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். உட்கார்ந்ததும் மடியில் ஏறி, என் கம்மலைத் திருகித் திருகிப் பார்த்தாள். கிளம்பும்போது "நானும் வரேன்" என்று என்னோடு படியிறங்கிவிட்டாள். "எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிறாள்" என்று அறிக்கையில் எழுதினேன். எழுதும்போது மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அடுத்த முறை அந்த அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுப் பேசினார். "பால்காரர், கேஸ்காரர், யார் வந்தாலும் ஒட்டிக்கிறா மேடம். நான் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கறதில்ல." தலையணை உறையைக் கொண்டுவந்து உதறினார். காய்ந்துபோன அரை இட்லி, இரண்டு பிஸ்கட், எறும்பு மொய்த்த வெல்லக்கட்டி. முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தாலும் அழுவதில்லையாம். "எவ்ளோ நல்ல பொண்ணு" என்று மாமியாருக்கு அதில் பெருமை வேறு.

அழுதால் ஆள் வரும் என்று தெரிந்த பிள்ளைதான் அழும். காப்பகத்து ஆயாக்கள் ஷிப்ட் முறையில் மாறுவார்கள், ஒருத்தர் கையில் எத்தனையோ பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் யார் வந்தாலும் ஒன்றுதான் என்று பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போன பிள்ளைகள் பெரும்பாலும் ஒரு முகத்தைப் பற்றிக்கொண்டார்கள். பிந்திப் போனவர்களுக்கு அது சுலபமாக வரவில்லை. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன பிள்ளைகளிலும், ஆறு மாதத்துக்கு மேல் காப்பகத்தில் இருந்த பலருக்கு இந்தக் கண்டவரோடும் ஒட்டும் பழக்கம், ஓரிடத்தில் உட்காரமுடியாத தவிப்பு எல்லாம் வளர்ந்த பிறகும் தொடர்ந்தது. இதையெல்லாம் நான் படித்தது முதல் அறிக்கையை எழுதிக் கொடுத்த பிறகுதான்.

சில மாதம் சோறு ஊட்டுவதும் தூக்குவதும் அம்மா மட்டுமே செய்யட்டும் என்றோம். திருடித் தின்கிறாள் என்று திட்டாமல், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பா நிறைய தின்பண்டம் வைக்கச் சொன்னோம். "எம் பேத்திய நான் தூக்கக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு?" என்று மாமியார் கூடத்திலிருந்து சத்தம் போட்டார். நியாயமான கோபம்தான்.

நான்காவது முறை போனபோது அவள் அம்மாவின் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு பின்னால் நின்றாள். "மேடம்கிட்ட போடி" என்று பாட்டி தள்ளியும் வரவில்லை. தலையணைக்குள் பிஸ்கட் அப்போதும் இருந்தது, இம்முறை பிரிக்காத பாக்கெட்டாக. பால்வாடியில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டேன் என்கிறாளாம்.

கடைசி அறிக்கையில், "புதியவர்களிடம் வர மறுக்கிறாள், நல்ல முன்னேற்றம்" என்று எழுதினேன். மேலதிகாரி அந்த வரியில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார்.