சிக்னலில் அணைந்துபோகும் பழைய கார்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது, ஓடும்போது ஒழுங்காக ஓடிவிட்டு நிற்கும்போது மட்டும் இன்ஜின் உதறுவதும் அணைந்துபோவதும்தான். கிளட்ச் வழுக்கினால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது வரும் கோளாறுக்கோ பிளக், ஒயர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், வால்வு, ரப்பர் ஹோஸ் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதனாலேயே பல பட்டறைகளில் இதை ஆராயாமல், பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். மேட்டுப்பாளையத்தில் பல ஆண்டுகளாக இத்தகைய கார்களைப் பார்த்துவருகிற எனக்கு, ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிட முடியும் என்ற நம்பிக்கை உண்டு. ‘எப்போது அணைகிறது’ என்பதை வண்டிக்காரரிடம் விடாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது, காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் ஒரு சிறு வழியாக மிகக் கொஞ்சம் காற்றை மட்டுமே இழுத்து, நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று அளவில் தன்னைத் தானே ஓட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் மிக வலுவாக இருப்பதால், ஏதேனும் ஒரு ஹோஸில் ஊசிமுனை வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுத்துவிடும். காலை அழுத்தி வேகமெடுத்தால் வெற்றிடம் குறைகிறது, முறையான வழியில் வரும் காற்று பல மடங்காகிறது, அதே வெடிப்பு ஒரு பொருட்டே இல்லாமல் போகிறது. பெட்ரோல் ஃபில்டர் அடைப்பும் பம்ப் பலவீனமும் இதற்கு நேர்மாறானவை. அவை சுமையில்தான் தெரியும். எங்கள் ஊரில் இதைச் சோதிக்க மலைப்பாதையே இருக்கிறது. கல்லாறு தாண்டி ஏற்றத்தில் திணறும் வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை. ஏற்றமெல்லாம் சுகமாக ஏறிவிட்டு, பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தும்போது அணைந்துபோகும் வண்டியில் கார்புரேட்டரின் ஐடில் வழியையோ காற்றுக் கசிவையோ பார்க்க வேண்டும்.

ஒரு ஜென் கார் நினைவுக்கு வருகிறது. 1993இல் அறிமுகமான அந்த மாடலின் தொடக்க காலக் கார்புரேட்டர் வண்டி. ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் ஓட்டிவந்தார். “சிக்னல்ல நின்னாலே ஆஃப் ஆயிருதுங்க தம்பி” என்றார். பிளக், ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாம் புதிதாக இருந்தன. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியதற்கான அடையாளமும் இருந்தது. “பிரேக்ல கால் வெச்சிருக்கும்போதாங்கம்மா, இல்ல நியூட்ரல்ல சும்மா நிக்கும்போதாங்க?” என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதானுங்களே” என்றார். இரண்டும் ஒன்றல்ல. ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுக்கச் சொன்னபோது, இன்ஜின் லேசாக உதறினாலும் அணையவில்லை. பிரேக் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொன்னதும் சுற்று மெல்ல இறங்கி, ஒரு குலுக்கலோடு நின்றது. பெடலுக்கு மேலே காதை வைத்துக் கேட்டால் ‘ஸ்ஸ்’ என்று காற்று இழுக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. மேனிஃபோல்டிலிருந்து, வெற்றிடத்தின் உதவியால் பிரேக் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் நெரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடி ஸ்டார்ட் செய்ததும், நின்ற இன்ஜின் சீராக ஓடியது. பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. முன்பு பார்த்தவர்கள் வண்டி அணையாமல் இருப்பதற்காக ஐடிலிங் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை ஏற்றி ஏற்றி வைத்திருந்தார்கள். பூஸ்டரை மாற்றியதும் இன்ஜின் கத்தத் தொடங்க, அதை மறுபடி இறக்க வேண்டியிருந்தது. பூஸ்டர் முழுதாகப் போயிருந்தால் பெடல் கல்லாகி, வண்டியை நிறுத்தவே பெரும்பாடு பட வேண்டியிருந்திருக்கும். அதைச் சொன்ன பிறகுதான் அம்மையாருக்கு முகம் மாறியது.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், கார்புரேட்டரில் ஐடில் வழியை மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு ‘டிக்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலி வராவிட்டால் ஐடில் வழிக்குப் பெட்ரோல் போவதில்லை. காலை எடுத்ததும் வண்டி நின்றுவிடும். பல நேரங்களில் கோளாறு சோலனாய்டில்கூட இருக்காது, அதற்கு வரும் ஒயர் கழன்றிருக்கும்.

கேஸ் போட்ட வண்டிகள் தனி ரகம். குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டாப்பெட் இடைவெளியைப் பார்ப்பேன். எல்.பி.ஜி.யில் ஓடும் பழைய இன்ஜின்களில் வால்வு இருக்கை தேய்ந்து வால்வு உள்வாங்குகிறது. இடைவெளி குறைந்து, சூட்டில் வால்வு முழுதாக மூடாமல், சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், அதாவது கம்ப்ரஷன் கசிகிறது. “டாப்பெட் சத்தமே இல்லைங்க, இன்ஜின் அவ்வளவு சைலன்ட்” என்று பெருமையாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். லேசாகத் தட்டுகிற டாப்பெட்டை நான் நம்புவேன்.

மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜ் இருந்தால் இவற்றையெல்லாம் பிரித்துப் பார்த்துவிடலாம். கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலிங்கில் ஏறத்தாழ 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். முள் அசையாமல் தாழ்ந்தே நின்றால் காற்றுக் கசிவோ பின்தங்கிய இக்னிஷன் டைமிங்கோ இருக்கும். தாளம் தப்பாமல் விட்டுவிட்டு விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் நல்ல இன்ஜினே பன்னிரண்டு, பதின்மூன்று அங்குலம்தான் காட்டும். அங்குள்ள மெல்லிய காற்றுக்கு ஏற்ப மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இறுக்கி, பெட்ரோலைக் குறைத்து வைத்த வண்டி கீழே இறங்கியதும் பெட்ரோல் போதாமல் உதறும். அதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. வண்டி எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் போதும்.

கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் எளிதானவை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால், வண்டியே தன் கோளாறைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஓ.பி.டி. விதி 2013 ஏப்ரலில் முழுமையாவதற்கு முந்தைய கார்கள் பலவற்றில் ஸ்கேனர் சொல்வது குறைவு. திராட்டில் பாடியில் படியும் கரியும், ஐடில் வால்வு ஒட்டிக்கொள்வதும் எல்லோரும் அறிந்தவை; சுத்தம் செய்தால் தீரும். ஏமாற்றுவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். அதன் மின்தடை 20 டிகிரியில் இரண்டு கிலோ ஓமுக்கு மேலும், 80 டிகிரியில் சுமார் 300 ஓமும் இருக்க வேண்டும். சூடான இன்ஜினைக் குளிர்ந்ததாக அது சொல்லிவிட்டால், இன்ஜினின் கணினியான இ.சி.எம். பெட்ரோலை அள்ளி ஊற்றும். பிளக் கருத்து, சூட்டில் வண்டி அணையும். இத்தகைய வண்டிகளில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பிளக் ஒயரை உருவி வெகுநேரம் ஓடவிடுவது தவறு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.

2023 பிப்ரவரியில் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. தூய பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி இந்த மாற்றத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அது தெரியாது. எத்தனாலுக்கென்று செய்யப்படாத பழைய ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் ஊறி உப்பவோ விறைத்து வெடிக்கவோ செய்யும். எனவே தொண்ணூறுகளின் வண்டி எதற்காக வந்தாலும், எல்லா ஹோஸ்களையும் விரலால் மடக்கிப் பார்க்கிறேன். மடக்கிய இடத்தில் கோடு விழுந்தால் மாற்றச் சொல்கிறேன்.

இதில் மனக்கசப்பு வருவது பில் எழுதும்போது. முழங்கை நீள ஹோஸுக்கும் அதைத் தேடிய ஒரு காலைப் பொழுதுக்கும் சேர்த்துக் கூலி கேட்டால், “ஒரு டியூப்புக்கா இவ்வளவு?” என்பார்கள், தேவையில்லாமல் கார்புரேட்டரையே மாற்றிக் கொடுத்தால் மறுபேச்சின்றிப் பணம் தருவார்கள். அதனால் இப்போதெல்லாம் வண்டியைத் திறப்பதற்கு முன்பே, சோதனைக்கு ஒரு தொகை, பாகத்துக்கும் மாட்டுவதற்கும் வேறு தொகை என்று தனித்தனியாகச் சொல்லிவிடுகிறேன். சிலர் அதைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேறிடத்தில் பிளக்கும் ஒயரும் மாற்றிவிட்டு, அவர்களில் சிலர் திரும்பியும் வருகிறார்கள்.