பெரியவர்களுக்கு எழுத்துப் பாடம்: எங்கே தட்டுகிறது என்று முதலில் பாருங்கள்

படிக்கத் தடுமாறும் பெரியவர் யார் வந்தாலும் அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிப்பதுதான் வழக்கம். பலருக்கு அது தேவையே இல்லை. 1986-இல் கஃப், டன்மர் என்ற வாசிப்பு ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு இங்கே கைகொடுக்கும்: எழுத்துக்கூட்டும் திறனையும் கேட்டுப் புரியும் திறனையும் பெருக்கினால் வருவது வாசித்துப் புரிதல். ஒன்று பூஜ்யமென்றால் விடையும் பூஜ்யம்.

கிட்டத்தட்ட 60 சொற்களில், ஒரே தரத்தில் இரண்டு பத்திகள் எடுங்கள். ஒன்றை அவர் உரக்கப் படிக்கட்டும், மற்றதை நீங்கள் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி. கேட்டது புரிந்து, படித்தது புரியாவிட்டால் சிக்கல் எழுத்தில். கேட்டதே புரியவில்லையா? எழுத்துப் பயிற்சி மட்டும் உதவாது. சொல்வளமும் அந்த விஷயத்தின் அறிமுகமும் வேண்டும்.

எழுத்துதான் சிக்கல் என்றால், தவறும் இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கொம்பு முதலில் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம்: 'கெ'யில் குறி முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். துணைக்காலும் 'ர'வும் குழம்பும். புள்ளி இன்னும் கடினம்: அது காட்டும் மெய்யொலியை உயிரொலியிலிருந்து தனியே பிரித்துக் கேட்க வேண்டும். 1979-இல் மொராய்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் போர்ச்சுகலில் சோதித்தபோது, எழுத்தறியாத பெரியவர்களில் பெரும்பாலோரால் சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்ல முடியவில்லை. வளர்ந்த பின் படிக்கக் கற்றவர்கள் பலரால் முடிந்தது. ஆகவே, மெய்யொலியைக் காதால் மட்டும் பிரிக்கச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். பல–பல், நில–நில் என்று ஜோடியாக எழுதிக் காட்டிப் படிக்க வையுங்கள்.

திக்கித் திக்கிப் படிப்பவருக்கு ஒரே பத்தியை மூன்று நான்கு முறை, நேரம் பார்த்துப் படிக்கும் பயிற்சி நல்லது. ஆபத்து ஒன்று உண்டு: மனப்பாடமாகிவிடும். அதே சொற்களை அட்டைகளில் கலைத்துக் காட்டினால் குட்டு வெளிப்படும்.

எழுதுவதற்கு இலக்கண விதிகளைத் தனியே நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2007-இல் கிரஹாமும் பெரினும் தொகுத்த ஆய்வுகளில் வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி பலன் தந்தது, தனி இலக்கணப் பாடம் தரவில்லை. "பேருந்து தாமதமாக வந்தது. அதில் கூட்டம் இருந்தது." இந்த இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்: "தாமதமாக வந்த பேருந்தில் கூட்டம் இருந்தது."

அந்தத் தொகுப்பு 4 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்களைப் பற்றியது. பெரியவர்களைப் பற்றிய நல்ல ஆய்வுகள் குறைவு என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012-லேயே சொல்லிவிட்டது. அதனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பழகாத புதிய பத்திகளை வைத்து முதலில் சொன்ன இரண்டு பத்திச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அசைவே இல்லையென்றால் முறையை மாற்றுங்கள், படிப்பவரைக் குறை சொல்லாதீர்கள்.