சுடலையும் சதுப்பு நிலமும்

லண்டன் ரசல் வீதியில், பெரிய ட்ரூரி லேன் அரங்குக்கு எதிரே, ஃபோர்ச்சூன் என்றொரு சின்னத் தியேட்டர் இருக்கிறது. 432 இருக்கைகள்தான். 1989 ஜூன் 7 முதல் 2023 மார்ச் 4 வரை, கொரோனாக் காலத்து இடைவெளி போக, அங்கே ஓடியது ‘த வுமன் இன் பிளாக்’ என்ற ஒரே நாடகம். மொத்தம் 13,232 காட்சிகள். பாட்டும் ஆட்டமும் கலக்காத நாடகங்களில் லண்டனின் நாடக அரங்குகள் நிறைந்த வெஸ்ட் எண்டில் இதைவிட நீண்ட காலம் ஓடியது ‘த மவுஸ்ட்ராப்’ ஒன்றுதான். எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்குக் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு இந்த நாடகம்தான் முதலில் வந்தது. நமது கல்லூரி மண்டபத்தில் படித்த ஒரு பாடத்தை நான் முழுதாக விளங்கிக்கொண்டது அங்கேதான்.

2017 இலையுதிர் காலம். மகள் ஜிசிஎஸ்இ என்கிற இங்கிலாந்துப் பள்ளிப் பரீட்சைக்கு நாடகத்தை ஒரு பாடமாக எடுத்திருந்தாள். இங்கே நாடகம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இந்த நாடகத்தைப் பார்த்து அதைப்பற்றி எழுதுவது அப்போது வழக்கம். அவளோடு நானும், ஆறாம் வகுப்பிலிருந்து ஏ.எல். வரை என்னோடு ஒரே வாங்கில் இருந்த தோழனும் போனோம். பிற்பகல் காட்சி. அரங்கு முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இனிப்புக் கடதாசிகளின் சரசரப்பும் சிரிப்பும் ஓயவே இல்லை. இந்தச் சத்தத்தில் என்ன பேய்க்கதை என்று தோழன் முணுமுணுத்தான்.

மேடையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பிரம்புப் பெட்டி, கதிரை, உடுப்புகள் தொங்குகிற ஒரு கம்பி, பின்னால் மங்கலான மெல்லிய திரை. வயதான ஒரு வழக்கறிஞர், ஆர்தர் கிப்ஸ் என்று பெயர், கையில் தாள்களோடு வந்து உயிரில்லாத குரலில் வாசிக்கத் தொடங்குகிறார். வாலிப வயதில் தனக்கு நடந்த ஒன்றைக் குடும்பத்தாருக்குச் சொல்லி முடித்தால்தான் மனம் ஆறும் என்று நினைக்கிற மனிதர் அவர். அதற்காக ஒரு நடிகரைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார். அந்த நடிகர் அவரைத் திருத்துகிறார், உரத்துப் பேசச் சொல்கிறார். கடைசியில் நடிகரே இளம் கிப்ஸாகிவிட, கிழவர் மற்ற எல்லோருமாக மாறுகிறார்: வண்டிக்காரர், ஊர்க்காரர், சத்திரக்காரர், அலுவலக எழுதுநர். அந்தப் பிரம்புப் பெட்டியே ரயில், அதுவே குதிரை வண்டி, அதுவே கட்டில். ஒரு நாய்க்குட்டியும் வருகிறது, ஆனால் மேடையில் நாய் கிடையாது. நடிகர் கையைக் கீழே நீட்டித் தடவுகிறார், நாமும் நாயைப் பார்க்கிறோம்.

முதல் பாதியில் பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். சிரிக்க வைக்கிற மாதிரித்தான் எழுதியும் இருக்கிறார்கள். அப்புறம் கதை அந்த வீட்டுக்குப் போகிறது. சதுப்பு நிலத்தின் நடுவே தனி வீடு. போக ஒரே ஒரு தாம்போதி, கடல் ஏறினால் அதுவும் மூடிக்கொள்ளும். இளம் கிப்ஸ் தனியே திரும்பி நடக்கிறபோது மூடுபனி இறங்குகிறது. மேடையில் விட்ட புகை முன் வரிசைகளுக்கு மேலால் எங்களிடம் வந்தது. எங்கிருந்தோ குதிரை வண்டி வருகிற சத்தம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சில்லு வழுக்குகிறது, குதிரை கனைக்கிறது, சேறு உறிஞ்சுகிறது, ஒரு குழந்தை வீரிடுகிறது. அப்புறம் எதுவும் இல்லை. மேடையில் நின்றது ஒரே ஒரு மனிதர். கடதாசிச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. மகளுடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை முழுதாக எழுத மாட்டேன். நாடகம் இப்போதும் ஊர் ஊராகப் போகிறது, பார்க்கப் போகிறவர்களுக்கு அது அநியாயம். பூட்டிய ஒரு கதவின் பின்னாலிருந்து விட்டு விட்டு வருகிற ஒரு தட்டல் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். டொக், டொக். கொஞ்சம் நிற்கும். மறுபடி டொக், டொக். அது என்னவென்று தெரிய வருமுன்பே உடம்பு குளிர்ந்துவிட்டது. கறுப்பு உடுத்த அந்தப் பெண் மேடையில் மட்டும் நின்றிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கைகளுக்கு நடுவே எங்களைக் கடந்துதான் ஒருமுறை நடந்தாள். பக்கத்து வரிசைப் பெட்டை ஒருத்தி போட்ட கூச்சலில் அரங்கே எழுந்து அமர்ந்தது.

வெளியே வந்ததும் தோழன் சொன்ன முதல் வார்த்தை: “மச்சான், றங்குப் பெட்டி.”

நான் நினைத்துக்கொண்டு நின்றதும் அதுதான்.

கல்லூரியில் மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்திய, எங்கள் காலத்து இல்ல நாடகப் போட்டி பலருக்கு ஞாபகம் இருக்கும். எழுபதுகளின் பிற்பகுதியில் எங்கள் இல்லம் போட்டது ஒரு பேய் நாடகம். யாரோ கள்ளக் காணி உறுதிப் பத்திரம் முடித்ததால் காணியைப் பறிகொடுத்த ஒரு கிழவர், செத்த பிறகும் தன் உறுதியைத் தேடி வீட்டுக்கு வந்துபோகிறார் என்பது கதை. நாங்கள் வெள்ளை வேட்டி, மாவு பூசின முகம், கோரப்பல் என்று திட்டம் போட்டிருந்தோம். பொறுப்பாக இருந்த ஆசிரியர், எங்கள் சேர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: “இந்தக் கிழவனுக்கு என்ன வேணும்?” உறுதி வேணும் சேர் என்றோம். “அப்ப அவர் ஏன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்? தேடட்டும். தேடுற சத்தம் மட்டும் கேட்கட்டும்.”

மாவும் பல்லும் போயின. திரைக்குப் பின்னால் ஒரு பழைய இரும்பு றங்குப் பெட்டி வந்தது. அதன் மூடியைத் திறந்து மூடுவதுதான் பேய். மூடி கிறீச்சிடும், தாள்கள் புரளும், மூடி விழும். கொஞ்ச நேரம் ஒன்றும் இராது. பிறகு மறுபடி கிறீச். அந்த இடைவெளியை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகச் சொல்லி, கையில் மணிக்கூட்டை வைத்துக்கொண்டு சேர் ஒத்திகை பார்த்தார். மழைக்குச் சுளகில் பயறு உருட்டினோம், இடிக்குத் தகரம் தட்டினோம். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்தவன்தான் லண்டனில் என் பக்கத்தில் நின்று றங்குப் பெட்டி என்று சொன்னவன்.

போட்டியன்று மண்டபத்தின் பின்வரிசையில் வழக்கம்போல் உயர்வகுப்பு அண்ணாமார் கூக்குரல் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மூன்றாம் முறை மூடி விழுந்தபோது அந்த மண்டபம் இருந்த அமைதியை நான் வேறெங்கும் அனுபவித்ததில்லை, ஃபோர்ச்சூன் தியேட்டரில் அந்தப் பிற்பகல்வரை.

‘த வுமன் இன் பிளாக்’ உருவான கதையும் கிட்டத்தட்ட ஒரு பள்ளிக்கூட நாடகத்தின் கதைதான். சூசன் ஹில் 1983-இல் எழுதிய நாவல் அது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஸ்காபரோ என்கிற கடலோர ஊர். அங்கே 1987 டிசெம்பரில், நத்தாருக்கு ஒரு பேய்க்கதை போட ரொபின் ஹேர்ஃபோர்ட் என்ற நெறியாளர் விரும்பினார். கையில் இருந்தது கொஞ்சப் பணம். நாவலிலோ ஏராளமான பாத்திரங்கள். அதனால்தான் ஸ்டீபன் மல்லாட்ராட் ஒரு கிழவரும் ஒரு நடிகரும் வெறும் மேடையில் நின்று கதை சொல்லிப் பார்க்கிற நாடகமாக அதை மாற்றி எழுதினார். காசில்லாததால் பிறந்த பிரம்புப் பெட்டிதான் முப்பது வருடத்துக்கு மேல் லண்டனை நடுங்க வைத்தது. இந்தச் செய்தியைப் பிறகு வாசித்தபோது சேருடைய முகம்தான் கண்முன் வந்தது. எங்களுக்கும் காசு இருக்கவில்லை.

ஆனால் சத்தமும் இடைவெளியும் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. சேரின் கேள்வியில் இன்னொன்றும் இருந்தது. அதை விளங்க நான் மயான காண்டத்துக்குப் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்து இசைநாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் ‘மயான காண்டம்’, அரிச்சந்திரன் கதையின் சுடலைக் காட்சி, பார்க்காத யாழ்ப்பாணத்தார் என் வயதில் குறைவு. கோயில் திருவிழாவில் இரவிரவாக நடக்கும். மணலில் பாய் விரித்து, கச்சான் கொறித்து, பாதி நித்திரையில் பார்த்துக்கொண்டிருப்போம். ஆர்மோனியம் ஒரு நீளமான சுரத்தைப் பிடித்ததும் பெரியவர்கள் எங்களைத் தட்டி எழுப்புவார்கள். சுடலைக் காவலன் அரிச்சந்திரன் வந்துவிட்டான் என்று அர்த்தம். பாம்பு தீண்டிச் செத்த மகன் லோகிதாசனைச் சுமந்து சந்திரமதி இருட்டுக்குள் வருவாள். காவலன் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்பான். எரிக்கிறவனும் சுமக்கிறவளும் கணவன் மனைவி என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தச் சுடலையில் பேய் எதுவும் மேடைக்கு வருவதில்லை. ஆனாலும் வீடு திரும்புகிறபோது பனங்கூடலில் காவோலை ஒன்றோடொன்று உரசினால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன். எனக்குப் பயம் சுடலையிடம் இல்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தாய் அழுத குரல் பின்னாலேயே வருகிற மாதிரி இருக்கும்.

வைரமுத்து மறைந்தது 1989-இல். அதே வருடம்தான் கறுப்புடைப் பெண் ஃபோர்ச்சூனுக்கு வந்தாள்.

அவளும் தாய்தான். கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளையைச் சகோதரிக்குத் தத்துக் கொடுக்கும்படி வற்புறுத்தப்பட்டவள். பிள்ளை தன்னை அம்மா என்று அறியாமலே வளர்வதைப் பார்த்தவள். கடைசியில் அவன் வந்த வண்டி அந்தத் தாம்போதியில் தடம் மாறிச் சேற்றில் புதைந்ததை வீட்டு ஜன்னலில் நின்று கண்ணால் கண்டவள். மூடுபனியில் திரும்பத் திரும்பக் கேட்கிற சத்தம் அதுதான். பிள்ளைகள் அவளைக் கண்டு அலறினார்கள். கதை அவிழ்ந்த பிறகு நான் அலறவில்லை, ஆனால் உள்ளே நடுக்கம் நிற்கவும் இல்லை. சந்திரமதிக்கு முடிவில் கடவுள் வருகிறார், லோகிதாசன் எழுந்திருக்கிறான். இவளுக்கு யாரும் வரவில்லை. வராததால்தான் மற்றத் தாய்மாரின் பிள்ளைகள்மேல் அவள் கோபம் திரும்புகிறது. அந்தக் கோபத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கியது.

நாங்கள் நாடகம் பார்த்த 2017-இல், பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் வீதியோரத்தில் இருந்தார்கள். நாடகம் முடிந்து ரயிலில் வருகிறபோது தோழன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவர்களைப் பற்றித்தான் பேசினான். வெள்ளைக்காரப் பேய்க்கதையில் இருந்து எப்படி அங்கே போனோம் என்று மகளுக்குப் புரியவில்லை. மயான காண்டத்தின் கதையை அவளுக்கு ரயிலிலேயே சொன்னேன். மற்றவர் கண்ணுக்குத் தெரியாத தாலியைக் கண்டு அரிச்சந்திரன் மனைவியை அடையாளம் காண்கிற இடத்தில், “கணவனுக்கு மட்டும் தெரியுமா அந்தத் தாலி? அதை மேடையில் எப்படிக் காட்டுவார்கள்?” என்று கேட்டாள். பாட்டால் காட்டுவார்கள் என்றேன். வீட்டுக்கு வந்ததும் வைரமுத்துவின் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிப் போட்டேன். சொற்கள் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் குரல் உயர்கிற இடத்தில் கதைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

நமது சங்கத்தின் கலைவிழாக்களில் நடனமும் மெல்லிசையும் நிறைய நடக்கின்றன. பிள்ளைகள் அழகாகச் செய்கிறார்கள். நாடகம் மட்டும் வருடத்துக்கு வருடம் சுருங்கி, கடைசியில் பத்து நிமிடச் சிரிப்பு நாடகமாகிவிட்டது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. சிரிப்பு வேண்டும்தான், ஆனால் ஒரு மண்டபம் முழுவதையும் மூச்சுவிடாமல் இருக்க வைக்கிற வித்தையை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நமது ஆசிரியர்கள். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். லண்டனும் அதைத்தான் 13,232 தடவை காட்டியது. அடுத்த விழாவுக்கு அந்த உறுதி தேடுகிற கிழவரின் நாடகத்தை இங்கே பிறந்த பிள்ளைகளை வைத்து மறுபடி போடலாம் என்று நானும் தோழனும் செயற்குழுவிடம் கேட்டிருக்கிறோம். தமிழ் சரளமாக வராத பிள்ளைகளும் அதில் சேரலாம், பாதி நாடகம் சத்தம்தானே.

ஒரு தடை இருக்கிறது. எழுத்துப் பிரதி எங்களிடம் இல்லை. சேர் அதைத் தன் கையாலேயே சீ.ஆர். என்கிற தடித்த கொப்பி ஒன்றில் எழுதியிருந்தார். போட்டி முடிந்ததும் அது எங்கள் இல்லத் தலைவரிடம் போனது, அவர் பிறகு கனடா போய்விட்டதாகக் கேள்வி. இந்த மலர் அங்கேயும் வருகிறது. கொப்பி யாரிடமாவது இருந்தால், அல்லது அதில் நடித்தவர்களுக்கு வசனங்கள் ஞாபகம் இருந்தால், மலர்க் குழுவுக்கு எழுதுங்கள். ஒரு காட்சி கிடைத்தாலும் போதும், மிச்சத்தை நாங்கள் சேர்த்துக்கொள்கிறோம்.