முதுகுவலிக்கு உளவியலாளரைத் தேடிய ஒன்பது மாதம்

குளித்தலையில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு காலையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் திரும்பியபோது இடுப்பில் ஒரு வெட்டு வெட்டியது. பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்குகளில் கடைசி ஒன்று லேசாகப் பிதுங்கியிருப்பதாகவும், அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும் வந்தது. வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு ஸ்கேன் எடுத்தாலும் இப்படிப் பிதுக்கம் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது வருடம் ஒரு எலும்பு மருத்துவர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பெருசா ஒண்ணும் இல்லம்மா, மனசை லேசா வச்சுக்குங்க” என்றார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டதாகத்தான் அது என் காதில் விழுந்தது. அதனால் கொஞ்ச நாள் கழித்து பிசியோதெரபி செய்யும் பெண், “அக்கா, வலியோட வாழறதுக்குப் பழக்கிவிடுற சைக்காலஜிஸ்ட் இருக்காங்க, ஒரு தடவை பாருங்களேன்” என்றபோது அவளிடம் சரியாக முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. பாவம், அவள் நல்லதைத்தான் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் என் மகள் பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு. “அம்மா, நீ வர்றியா?” என்று அவள் கேட்கவே இல்லை. வர மாட்டேன் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அன்று ராத்திரி போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன்.

தேடுவதே பெரிய பாடு. ‘தெரபிஸ்ட்’ என்று போட்டால் வருவதெல்லாம் பிசியோதெரபி. ‘கவுன்சிலிங்’ என்று போட்டால் தேர்வு பயம், கணவன் மனைவி சண்டை, குடிப்பழக்கம். முதலில் கிடைத்த ஒருவரைப் பார்க்கத் திருச்சிக்குப் போனேன். சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார்ந்து போவதே எனக்குத் தண்டனை. அவர் அறையில் சுவர் நிறையச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. நாற்பது நிமிடம் என் கல்யாண வாழ்க்கையைப் பற்றியே கேட்டார். வலியைப் பற்றி நானாகப் பேச்செடுத்ததற்கு, “அதை நினைக்காம இருந்தா தானா போயிடும்” என்றார். பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றும் சொன்னார். திரும்பி வரும்போது பெட்டவாய்த்தலை வரை நின்றுகொண்டே வந்தேன். அதன்பின் நாலு மாதம் யாரையும் தேடவில்லை.

மறுபடி ஆரம்பித்தது 14416-இல். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் புறநோயாளியாகப் போகலாம், சீட்டு மட்டும் போட்டால் போதும் என்று வழி சொன்னார்கள். வலிக்கு அங்கே போகலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “தாராளமா போகலாம்மா” என்று அந்தப் பக்கத்துக் குரல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அங்கிருந்த மனநல மருத்துவர்தான் எனக்கு முதல்முறையாக விஷயத்தைப் பிரித்துச் சொன்னார். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார், பேச்சும் பயிற்சியும்தான் அவர் வேலை. அப்படிப் பெயர் போட்டுக்கொண்டு சிகிச்சை தருபவருக்கு ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேண்டும், அதற்கு 1992-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பி உட்கார்ந்தேனே, அந்த ஒரு எண்ணைக் கேட்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்று மனசு வெந்தது.

டுலோக்செட்டின் மாத்திரையும் எழுதினார். மாத்திரைப் பெயரைப் பார்த்துவிட்டு மருந்துக்கடைப் பையன் என்ன சொன்னானோ, அத்தை வீட்டில் பதறிவிட்டார். மனச்சோர்வுக்குத் தருவதுதான், நாள்பட்ட முதுகுவலிக்கும் தருவார்கள் என்று டாக்டர் சொன்னதை நாலு தடவை எடுத்துச் சொன்ன பிறகுதான் அடங்கினார்.

அடுத்து போன் வேலை. தமிழில் பேசும், பதிவு உள்ள சைக்காலஜிஸ்ட்கள் ஆறு பேரைக் கூப்பிட்டேன். எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான்: நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு இதற்கு முன் சிகிச்சை தந்திருக்கிறீர்களா, என்ன முறையில் செய்வீர்கள், எத்தனை அமர்வு ஆகும். இரண்டு பேர் எடுக்கவில்லை. ஒருவர், தான் குழந்தைகளை மட்டுமே பார்ப்பதாக நேர்மையாகச் சொன்னார். இரண்டு பேர் பட்டும் படாமலும் பேசினார்கள். ஆறாவது ஆள் சென்னையிலிருந்து பேசினார். என் கேள்விக்கு முன்பே அவர் கேட்டார்: “வலி ஏன்னு டாக்டர்கிட்ட முழுசா பார்த்துட்டீங்களா? கால் மரத்துப் போறது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாம போறது மாதிரி ஏதாவது இருக்கா? இருந்தா முதல்ல டாக்டர்கிட்டதான் போகணும்.” இவர்தான் என்று அப்போதே தோன்றிவிட்டது. வீடியோவில் ஐம்பது நிமிடம், 1,200 ரூபாய். வாரம் ஒன்று கட்டுப்படியாகாது என்றேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார்.

முதல் அமர்வில் வலி எப்படி இருக்கும் என்று கேட்டார். நான் பழக்கதோஷத்தில் “பத்துக்கு ஏழு” என்றேன். நம்பர் வேண்டாம், வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள் என்றார். காலையில் கடுப்பு, பேருந்தில் குத்தல், வகுப்பு முடிந்ததும் குடைச்சல், ராத்திரி படுத்தால் உளைச்சல் என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுதிக்கொண்டே வந்தவர் உளைச்சலில் நிறுத்தினார். “கால் உளைச்சல்னும் சொல்றோம், மன உளைச்சல்னும் சொல்றோம் இல்லையா? ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான். உங்க வலி நிஜம். அது உடம்பா மனசான்னு நீங்க யார்கிட்டயும் நிரூபிக்க வேண்டியதில்லை.” நாலு வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியது இதற்குத்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூர்மையாகிவிடுவதுண்டு என்று விளக்கினார். ஒருநாள் திருடன் வந்த பிறகு பால்காரரைப் பார்த்தும் குரைக்கும் நாய் மாதிரி. நாயை அடித்தால் இன்னும் குரைக்கும். மெதுவாகத்தான் பழக்க வேண்டும்.

பழக்கியது எப்படி என்றால், கடிகாரத்தை வைத்து. நல்ல ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான் மாவரைத்து, துணி துவைத்து, பரண் வரை துடைப்பேன். அப்புறம் மூன்று நாள் படுக்கை. “நல்ல நாள்ல கடன் வாங்கிட்டு கெட்ட நாள்ல வட்டி கட்டுறீங்க” என்றார். கரும்பலகை முன் எத்தனை நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னார். பதினாறு நிமிடம் வந்தது. அப்படியென்றால் பன்னிரண்டில் உட்கார்ந்துவிட வேண்டும், வலி இல்லாத நாளிலும். இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நன்றாக இருக்கும்போது உட்காருவது சோம்பேறித்தனம் என்று வளர்ந்தவள் நான். உயரமான ஸ்டூல் ஒன்று வாங்கி வகுப்பில் போட்டேன். பன்னிரண்டாவது நிமிடம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே “டீச்சர், மணி ஆச்சு” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டினோம்.

நாலாவது அமர்வில் என் கணவரும் உட்கார்ந்தார். பாசத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை “வலிக்குதா?” என்பார். அதற்குப் பதிலாக “இன்னைக்கு என்ன பண்ணப் போற?” என்று கேட்கச் சொன்னார் சைக்காலஜிஸ்ட். ஒரு வாரம் கணவரின் வாய் பழைய கேள்விக்கே போனது. இப்போது மாறிவிட்டது.

வலி போகவில்லை. போகும் என்று சைக்காலஜிஸ்ட் ஒருநாளும் வாக்குத் தரவில்லை, அதனால்தான் அவரை நம்பினேன். தூக்கம் வருகிறது. போன ஆடிப்பெருக்கன்று மகள் வந்து, “அம்மா, ஆத்துக்கு வர்றியா?” என்று கேட்டாள். கடம்பந்துறைக்கு நடந்தோம். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், அவள் பக்கத்தில் நின்று என் போனில் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்துறையில் காலை நனைத்துவிட்டு, கூட்டம் ஏறுவதற்குள் திரும்பிவிட்டோம்.