அடிலெய்டில் இருந்து வந்தவர்

மார்கழித் திருவாதிரை என்றால் நெல்லைக்காரன் போய் நிற்க வேண்டிய இடம் தாமிரசபை. நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று, நெல்லையப்பர் கோவிலுக்குள்ளேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, போன மார்கழியில், ராத்திரி இரண்டரை மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு நான் கல்லிடைக்குறிச்சிக்குப் புறப்பட்டதற்குக் காரணம் என் தங்கை மகள். பத்தொன்பது வயது. பிறந்தது, வளர்ந்தது, இப்போது படிப்பது எல்லாம் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில். லீவுக்கு வந்திருந்தாள்.

"அங்க ஒரு நடராஜர் இருக்காரு. உங்க ஊர்லதான் பதினெட்டு வருஷம் இருந்துட்டு வந்தாரு" என்று சாப்பிடும்போது சொல்லிவைத்தேன்.

"அப்ப நானும் அவரும் ஒரே ஊரா மாமா!" என்றாள். காலையில் எட்டு மணிக்கு முன்னால் கண் திறக்காத பிள்ளை, இரண்டு மணிக்கே குளித்துவிட்டு வாசலில் நின்றாள்.

சேரன்மகாதேவி தாண்டியதும் பனி இறங்க ஆரம்பித்தது. வீரவநல்லூர் வரைக்கும் ரோட்டின் இரண்டு பக்கமும் பிசான நெல், இருட்டில் வாசனையாக மட்டும். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு போனேன். 1982இல் குலசேகரமுடையார் கோவிலுக்குள் புகுந்து நான்கு பஞ்சலோகச் சிலைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடராஜர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர். துப்பு துலங்கவில்லை என்று இரண்டே வருடத்தில் வழக்கை மூடியும் விட்டார்கள். 2001இல் அடிலெய்டு கலைக்கூடம் நடராஜரை விலைக்கு வாங்கியது. அவர் யார், எந்த ஊர் என்று கடைசியில் அடையாளம் காட்டியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஒரு பழைய புகைப்படம். களவு போவதற்குப் பல வருடம் முன்பே எடுத்துவைத்தது. 2019 செப்டம்பரில் டெல்லி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை வந்து, கும்பகோணம் கோர்ட்டிலும் ஆஜராகிவிட்டு ஊர் சேர்ந்தார். மேளதாளத்தோடு ஊரே திரண்டு நின்று அழைத்துக்கொண்டது.

"நீ அவரை அங்க பார்த்திருக்கியாட்டி?"

"ஸ்கூல்ல இருந்து அந்த கேலரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பார்த்தேனான்னு ஞாபகம் இல்ல மாமா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எண்ணெய்க்காப்பு முடிந்து பால் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டரை அடிதான் உயரம். படத்தில் பார்த்துப் பார்த்து இன்னும் பெரியவராக மனதில் வைத்திருந்தேன். குருக்கள் சொம்பைச் சாய்த்ததும் பால் சடையில் இறங்கி, தூக்கிய காலின் முழங்காலில் ஒரு கணம் நின்று, விரல் நுனியில் இருந்து ஒற்றை நூலாக விழுந்தது. மிச்சமெல்லாம் கீழே முயலகன் முதுகில் தேங்கி, அவன் காதோரமாக வழிந்தது. ஆடுகிறவரையே பார்த்துப் பழகிய எனக்கு, மிதிபடுகிறவனுக்கும் அபிஷேகம் உண்டு என்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. தயிர், இளநீர், சந்தனம் என்று ஒவ்வொன்றாக ஆகி விபூதி அபிஷேகம் வந்தபோது முகமே தெரியவில்லை. தண்ணீர் விட்டதும் முதலில் வெளியே வந்தது அந்தச் சிரிப்புதான்.

நடராஜருக்கு வருடத்துக்கு ஆறே அபிஷேகம். சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மார்கழித் திருவாதிரை, அப்புறம் ஆவணி, புரட்டாசி, மாசி சதுர்த்தசிகள். முப்பத்தேழு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தத் திருமேனியில் ஒரு சொட்டுப் பால் படாமல் 220 அபிஷேகத்துக்கு மேல் போயிருக்கிறது. பெரிய கண்ணாடிக் கூடத்தில், நல்ல வெளிச்சத்தில், தூசி படாமல்தான் வைத்திருந்திருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

திருவெம்பாவை பாடினார்கள். இருபது பாட்டு. வழக்கம் என்னவென்றால், இந்தப் பத்து நாளும் மாணிக்கவாசகரை எழுந்தருளச் செய்து நடராஜருக்கு எதிரே நிறுத்துவார்கள். பாடுகிறவர் அவர், கேட்கிறவர் இவர், பாட்டுக்கொரு தீபாராதனை. இதை அவள் காதில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், "நாலு பேர் போனாங்கன்னு சொன்னீங்க. மத்த மூணு பேர்?" என்றாள்.

2019இல் அடிலெய்டில் இருந்து வந்தவர் இவர் ஒருவர்தான். பக்கத்தில் நின்ற ஆச்சி அதைக் கேட்டுவிட்டு, "அம்மாளும் பாட்டுக்காரரும் எந்த ஊருல இருக்காகளோ, நமக்கு என்ன தெரியும்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இந்த விஷயத்தில் நம்முடைய பெருமை மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 2014இல் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கு வந்து, அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரை நம் பிரதமரிடம் ஒப்படைத்தபோது நாடே மார்தட்டியது. நானும்தான். ஆனால் அந்தச் சிலை களவு போனது 2006இல். போனது தெரிந்தது 2008இல், சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகலாம் என்று கதவைத் திறந்தபோது. இடையில் இரண்டு வருடம் ஒரு விளக்கு ஏற்றக்கூட யாரும் உள்ளே போகவில்லை. பத்தூர் நடராஜர் கதை இன்னும் விசேஷம். களவு போய் லண்டனில் அகப்பட்ட அவருக்காக அந்த ஊர் கோர்ட்டில் சிவலிங்கமே வாதியாக நின்று, வழக்கில் ஜெயித்து, 1991இல் அழைத்து வந்தது. வந்தவரைத் திருவாரூரில் பூட்டிய அறைக்குள் வைத்தோம். களவுக்குப் பயந்துதான், வேறு வழியும் இல்லை. கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டது.

விடிந்ததும் களி கொடுத்தார்கள். வெல்லமும் நெய்யும் மணக்க, வாழையிலைத் துண்டில், ஏழுகறிக் கூட்டோடு. அவள் இரண்டாவது முறையும் வரிசையில் போய் நின்றாள். குருக்கள் அவளைப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "அடிலெய்டு" என்றாள். அவர் உள்ளே திரும்பி நடராஜரை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். இன்னொரு கரண்டி களி விழுந்தது.

கல்லிடைக்குறிச்சிக்குப் போய் அப்பளம் வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். உளுந்து மாவு எங்கும் கிடைக்கும், தாமிரபரணித் தண்ணீர் கிடைக்குமா என்று இந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள். ஆறு கட்டு வாங்கினேன், நாலு அவளுக்கு. அவள் ஒவ்வொரு கட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னட்டி, தேதியா பார்க்கே?"

"இல்ல மாமா. சாப்பாட்டுச் சாமான் எது கொண்டுபோனாலும் எங்க ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணணும். அப்பளத்துக்கும் ஃபார்ம்ல டிக் அடிக்கணும். மறைச்சா ஃபைன் போடுவாங்க."

கட்டுகளைப் பைக்குள் அடுக்கியவள், காரில் ஏறும்போது கேட்டாள்.

"அவரைக் கொண்டுவந்தப்ப யாரு மாமா டிக் அடிச்சிருப்பா?"