ஏழு நிமிடப் பேச்சில் வணக்கத்துக்கு எவ்வளவு நேரம்?

மேடை ஏறியதும் "தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே" என்று ஆரம்பிப்பது ராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஊறிப்போன பழக்கம். கல்யாண மண்டபம், தர்கா கந்தூரி, சர்ச் திருவிழா, சங்கக் கூட்டம் என்று எங்கே போனாலும் இதே வரிசைதான். ஒரு ஆளை விளிக்க எட்டு நொடி ஆகிறது. ஏழு பேரை விளித்தால் 56 நொடி. ஏழு நிமிடப் பேச்சில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, விஷயத்துக்குள் கால் வைக்கும் முன்பே கரைந்துவிடும். பெயர்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டம் அதற்குள் செல்போனை எடுத்துவிடும்.

பேச்சு மன்றத்துக்குப் புதிதாக வருபவரிடம் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். மரியாதையில் ஒன்றும் குறைய வேண்டாம். "தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்." ஐந்து நொடிக்குள் முடிந்துவிடும். அடுத்த மூச்சில் விஷயம் வந்துவிட வேண்டும்.

மன்றம் நடத்தும் முறைக்கு, மேடைப் பேச்சுப் பழகும் மன்றங்களின் உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் நல்ல அச்சு. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது. தயாரித்து வரும் பேச்சுக்கு 5 முதல் 7 நிமிடம், புதியவரின் முதல் பேச்சுக்கு 4 முதல் 6, தயாரிப்பில்லாமல் பேசும் திடீர்த் தலைப்புக்கு 1 முதல் 2, பேச்சைக் கேட்டவர் நிறைகுறை சொல்லும் மதிப்பீட்டுக்கு 2 முதல் 3. பல வருடமாக அடிபட்டுத் தேறிய அளவுகள் இவை. முறைப்படி அவர்கள் குடையின் கீழ் மன்றம் தொடங்க இருபது உறுப்பினர்கள் வேண்டும். சின்ன ஊரில் இருபது பேர் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எட்டுப் பேர் போதும், இதே அளவுகளை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரில் ஒரு மன்றமாக ஆரம்பித்துவிடலாம்.

ஒன்றரை மணி நேரக் கூட்டத்துக்குக் கணக்கு இது. தொடக்கம் 5 நிமிடம், நேரம் பார்ப்பவர், இலக்கணம் பார்ப்பவர் மாதிரிப் பொறுப்பாளர்கள் தங்கள் வேலையைச் சொல்ல 8, இரண்டு பேச்சுக்கு 14, ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் எல்லோரும் குறிப்பெழுத ஒரு நிமிட அமைதி, திடீர்த் தலைப்பில் எட்டுப் பேருக்கு 20, மதிப்பீடு 6, பொறுப்பாளர் அறிக்கைகள் 8, மொத்தக் கூட்டத்தையும் மதிப்பிடும் பொது மதிப்பீட்டாளருக்கு 5, முடிவு 5. கூட்டினால் 73. மிச்சம் 17 நிமிடம் தாமதத்துக்கும் கரண்ட் போவதற்கும். மூன்றாவது பேச்சை நுழைத்து அதை நிரப்பக் கூடாது. நிரப்பினால் கடைசியில் வெட்டு விழுவது மதிப்பீட்டில்தான். மதிப்பீடு இல்லாத கூட்டத்துக்கு வந்து பேசிவிட்டுப் போவதும் வீட்டுக் கண்ணாடி முன் பேசுவதும் ஒன்று.

நேரம் பார்ப்பவரிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று அட்டை இருக்கும். ஏழு நிமிடப் பேச்சில் ஐந்தாவது நிமிடம் பச்சை, ஆறாவது மஞ்சள், ஏழாவது சிவப்பு. போட்டி என்றால் நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். ஏ4 அளவு சார்ட் அட்டை போதும். நிறம் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுபவர்கள் உண்டு, அதனால் அட்டையில் 5, 6, 7 என்று எண்ணையும் பெரிதாக எழுதிவிடுங்கள். அட்டையோடு உட்காருபவர் பேச்சாளரின் கண்ணுக்கு நேரே, கடைசி வரிசை நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் பேச்சாளர் அடிக்கடி கழுத்தைத் திருப்பித் தேடுவார், கூட்டமும் அவரோடு சேர்ந்து திரும்பும். செல்போனில் நேரம் பார்த்தால் ஃப்ளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து திரை மாறியதில் சிவப்பு காட்டாமல் விட்டுப்போவது வழக்கமாக நடப்பது. இன்னொரு ஆபத்து, பேச்சு நன்றாக இருந்தால் அட்டைக்காரரும் அதிலேயே லயித்துப்போவார். அந்த வேலைக்கு வந்தவர் அன்றைக்குப் பேச்சை ரசிக்க வரவில்லை என்பதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு எழுதினால் ஏழு நிமிடம்? தமிழில் சொற்கள் நீளம், ஒட்டுகளும் அதிகம். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல்தான் போகும். ஆக 600 சொல், கோடு போட்ட நோட்டில் நாலு பக்கம். அதை அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் நழுவினால் மொத்தமும் சரிந்துவிடும். எழுதி முடித்து இரண்டு முறை சத்தமாக வாசித்துவிட்டு, நோட்டை மூடி, ஒவ்வொரு பகுதியின் முதல் வாக்கியத்தை மட்டும் ஒரு சின்ன அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து வரி போதும்.

"வந்து", "அதாவது", "என்னன்னா", "இப்ப பாத்தீங்கன்னா" மாதிரி நிரப்புச் சொற்கள் நுழைவது சரியாக ஒரு பகுதியும் அடுத்த பகுதியும் சேரும் இடங்களில்தான். ஒரு பகுதி முடிந்து அடுத்தது என்ன என்று தெரியாத இடைவெளியை நாக்கு தானே எதையாவது போட்டு அடைத்துவிடும். அடுத்த பகுதியின் முதல் வாக்கியம் கையில் இருந்தால் பாதி குறைந்துவிடும். மீதிக்கு மருந்து வாயை மூடிக்கொள்வது. இரண்டு நொடி மௌனம் பேசுபவருக்கு யுகமாகத் தெரியும், கேட்பவருக்கு அது மூச்சு விடும் நேரம். இவற்றை எண்ணும் ஆ கவுண்டர் "நிறைய வந்துச்சு" என்று பொதுவாகச் சொன்னால் பயனில்லை. "'வந்து' பதினாலு, 'அதாவது' ஆறு" என்று சொல்லும் சீட்டைக் கையில் கொடுத்தால்தான் அடுத்த முறை ஒன்பதாகக் குறையும். புதியவர் பேசும்போது மணி அடித்துக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம்.

இந்தப் பக்கத்து நாக்குக்கு ழகரம் சுலபத்தில் வராது. ள சொல்லும்போது நுனிநாக்கு பின்னால் மடங்கி மேலண்ணத்தைத் தொடும், ழ சொல்லும்போது அதே மாதிரி மடங்கும், ஆனால் தொடாமல் நிற்கும். தொடாமல் நிறுத்துவதில்தான் பயிற்சி. நமக்குக் கடலே சொல் கொடுத்திருக்கிறது: வலையில் வாளை, தட்டில் வாழை. மெதுவாகத் தினம் இருபது முறை சொன்னால், ஒரு மாதத்தில் வாளைமீனும் வாழைப்பழமும் தனித்தனியாகக் கேட்கும். அன்றைய சொல்லாக எதையாவது அறிமுகப்படுத்தும் இலக்கணப் பொறுப்பாளர் அகராதியில் மட்டும் உள்ள சொல்லை எடுத்து வர வேண்டியதில்லை. 'கொண்டல்' என்று போடலாம். கரையில் அது கிழக்கிலிருந்து வரும் காற்று, பாட்டில் மேகம். இரண்டு அர்த்தமும் தெரிந்தால் அந்தச் சொல்லை எல்லோரும் பேச்சில் பயன்படுத்துவார்கள்.

இனி மதிப்பீடு. மன்றத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது, பெரும்பாலான மன்றங்கள் கோட்டை விடுவதும் இதில்தான். விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். ஏலம் விடுபவர் ஒரு இடத்தில் திக்குவதில்லை, ஒரு 'வந்து' கிடையாது. யாரைப் பார்த்து என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அதே ஆளை மைக் முன்னால் நிறுத்தினால் "இந்த இனிய மாலைப் பொழுதினிலே" என்று யாருடைய குரலிலோ பேசுவார். பள்ளிவாசல் பயானில் கேட்ட ஏற்ற இறக்கம், சர்ச் பிரசங்கத்தின் உருக்கம், தேர்தல் மேடையின் முழக்கம் எல்லாம் அதனதன் இடத்தில் அழகு. கடன் வாங்கிக் கலந்தால் பேசுபவர் காணாமல் போய்விடுகிறார். கரையில் இருக்கும் அந்தக் குரலை மேடைக்கு ஏற்றி விடுவது மதிப்பீட்டாளரின் வேலை.

உதாரணத்துக்கு, ஒரு அக்கா கடற்பாசி எடுக்கும் வேலையைப் பற்றி முதல் பேச்சு பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் மதிப்பீடு இப்படி: "அக்கா ரொம்ப அருமையாப் பேசுனாங்க. குரல் வளம் அருமை. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுனா பெரிய பேச்சாளரா வருவாங்க." இதில் அக்கா வீட்டுக்கு எடுத்துப்போக என்ன இருக்கிறது? இப்படிச் சொன்னால் இருக்கும்: "அக்கா, நீங்க விரல்ல துணி சுத்துறதக் கையால செஞ்சு காட்டுனப்ப பின்வரிசையே நிமிந்து உக்காந்துச்சு. ஆனா அது மூணாவது நிமிஷத்துலதான் வந்துச்சு. அதுக்கு முன்னால மன்னார் வளைகுடாவுல 21 தீவுன்னு புத்தகத்துல இருக்கத சொன்னீங்க. அடுத்த தடவ துணி சுத்துறதுலயே ஆரம்பிங்க. மரிக்கொழுந்து, கட்டக்கோரைன்னு பாசிப் பேரு சொன்னீங்கள்ல, ரெண்டும் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல. கையில ஒரு கொத்துக் கொண்டாந்து காட்டுங்க."

நான்கே விஷயங்கள்: கூட்டம் எங்கே அசைந்தது, அது எந்த நிமிடத்தில், முன்னால் எதைத் தள்ளலாம், அடுத்த முறை எதைச் சேர்க்கலாம். மூன்று நிமிடத்துக்கு இது தாராளம். திருத்தம் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. பத்துக் குறை சொன்னால் ஒன்றும் மனதில் நிற்காது, அடுத்த வாரம் ஆளும் வரமாட்டார். மதிப்பீட்டாளர் பேச்சுக்கு முன்பே பேச்சாளரிடம் போய் "எதக் கவனிக்கணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். கை நடுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுபவரிடம் உச்சரிப்பைப் பற்றிப் பேசினால் எரிச்சல்தான் மிஞ்சும். பேச்சின் கருத்தோடு வாதாடுவதும் தப்பு. மீன்பிடித் தடைக்காலம் சரியா தப்பா என்று மதிப்பீட்டில் முடிவு செய்ய முடியாது, அதை அவர் எப்படிச் சொன்னார் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

திடீர்த் தலைப்பு நடத்துபவர் முதலில் கேள்வியைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் பெயரைக் கூப்பிட வேண்டும். பெயரை முதலில் சொன்னால் அவர் ஒருவர் மட்டும் யோசிப்பார், மற்றவர்கள் தப்பித்தோம் என்று சாய்ந்துவிடுவார்கள். "காலம்", "உழைப்பு" மாதிரித் தலைப்பு கொடுத்தால் பழமொழிகளாகக் கொட்டும். "பாம்பன் பாலத்துக்கு முன்னால ரயில் நின்னுபோச்சு. பக்கத்து சீட்டுல கோயம்புத்தூர்க்காரர். கடலக் காட்டி அவருக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கொடுத்தால் ஒரு நிமிடம் தானாக ஓடும்.

வெளியூர் அதிகாரி யாராவது ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேச வந்தால் மொழிபெயர்ப்பவருக்கும் மன்றத்தில் பயிற்சி இருக்க வேண்டும். மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பு, ஏழு நிமிடம் கொடுத்தால் பேச்சாளருக்கு மூன்றரைதான். வாக்கியம் முழுதாக முடிந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், பாதியில் நிறுத்தினால் தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் மொழிபெயர்ப்பவர் தொங்கிக்கொண்டு நிற்பார். இந்தக் கரைக்கு இது புதிதல்ல. சிகாகோவில் 1893-ல் பேசிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கியபோது ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் உண்மையான வழிபாடு எது என்று விவேகானந்தர் பேசியதும் மொழிபெயர்ப்போடுதான். ஏழையிடம் சிவனைப் பார் என்ற ஒரே கருத்து, சுருக்கமான பேச்சு. அச்சில் வாசித்தால், ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசுவது எப்படி என்பதற்கு இதைவிடப் பக்கத்து ஊர் உதாரணம் கிடைக்காது. அப்துல் கலாம் கூட்டத்தை ஒரு வரியைத் திரும்பச் சொல்ல வைப்பாரே, அதையும் பழகலாம். வரி ஐந்து சொல்லுக்குள் இருந்தால்தான் கூட்டம் ஒன்றாகச் சொல்லும், நீண்டால் இடையில் சிதறும்.

மைக் பற்றி ஒன்று. கடற்கரைக்குப் பக்கத்து ஹாலில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்தால் மைக்கில் 'பொம் பொம்' என்று காற்றுத்தான் பேசும். மைக் தலைக்கு ஸ்பாஞ்சுத் தொப்பி போட்டு, காற்று வரும் பக்கம் பேச்சாளரின் முதுகு இருக்கும்படி மேடையை அமையுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். உப்புக் காற்றில் ஜாக் பின் களிம்பேறிக் கரகரக்கும், கூட்டத்துக்கு முன்னால் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துச் சொருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'கீ' என்று ஊளையிட்டால் சத்தத்தைக் குறைக்கும் முன் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டி மைக்குக்குப் பின்னால் இருந்தால் அதன் சத்தமே திரும்ப மைக்கில் நுழையும். பெட்டியை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வையுங்கள்.

கூட்டத்துக்கு ஞாயிறு மாலை நாலு மணி இந்தப் பக்கத்துக்கு ஒத்துவரும். காலைப் பூசை முடிந்திருக்கும், ஐந்தரைக்கு முடித்தால் மாலை மஃரிப் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லை. நவம்பரில் சூரியன் ஆறுக்கு முன்பே இறங்கிவிடுவதால் அந்த மாதம் ஐந்து நிமிடம்கூட நீளக் கூடாது. நோன்பு மாதத்தில் காலை பத்து மணிக்கு மாற்றிவிடலாம்.

புதிய மன்றம் தொடங்க நினைப்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் நல்ல சமயம். விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் பெரும்பகுதி லீவு. அதற்குள் குறைந்தது எட்டு ஞாயிறு வரும். வாரம் இரண்டு பேச்சு என்றால் பதினாறு, எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு. முதல் நாலு வாரத்தில் எல்லோரும் முதல் பேச்சை முடித்துவிடலாம். அடுத்த நாலு வாரத்தில் அதே வரிசையில், அதே மதிப்பீட்டாளரை வைத்து, முதல் பேச்சையே திருத்தத்தோடு மறுபடி பேச வையுங்கள். முதல் சுற்றில் எழுதிக் கொடுத்த சீட்டுகளைத் தொலைக்காமல் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், இரண்டாவது சுற்றில் மதிப்பீட்டாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.